வடிகட்டியில் தங்கிய வைரஸ்கள்

கடல்நீரில் வைரஸைத் தேடுபவர்கள் நீரை முதலில் 0.2 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் ஊற்றுவார்கள். மேலே தங்குவது பாக்டீரியா, கீழே இறங்குவது வைரஸ் என்பது நெடுநாள் வழக்கம். துளையைவிடப் பெரிய வைரஸ்களும் உண்டு என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. அவை வடிகட்டியிலேயே தங்கி, கணக்கில் வராமல் போயின.

2003-இல் மிமிவைரஸ் என்ற ராட்சத வைரஸ் அடையாளம் காணப்பட்டபோதுதான் அந்த வழக்கம் ஆட்டம் கண்டது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், குளிர்விப்புக் கோபுரத்து நீரில் 1992-லேயே கிடைத்த அதை பாக்டீரியா என்றே நினைத்திருந்தார்கள். பிறகு தேடல் கடலுக்கு நகர்ந்தது. சிலி நாட்டுக் கடல்நீரில் கிடைத்த மெகாவைரஸின் மரபணுத்தொகுதியில் சுமார் 12.6 லட்சம் எழுத்துகள். எச்.ஐ.வி.யில் 10 ஆயிரம்கூட இல்லை. 2013-இல், அதே நாட்டின் ஆற்று முகத்துவார வண்டலிலிருந்து பண்டோராவைரஸ் வந்தது: ஏறக்குறைய 25 லட்சம் எழுத்துகள். ஒரு மைக்ரான் நீளம் இருப்பதால் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். அதன் மரபணுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் அறிவியல் அதுவரை கண்டிராதவை.

அளவில் மட்டுமல்ல, செய்யும் வேலையிலும் இவை பலவிதம். எமிலியானியா ஹக்ஸ்லேயி என்பது உடலெங்கும் சுண்ணாம்புத் தகடுகள் போர்த்திய ஒருசெல் பாசி. அது பெருகினால் கடல் பால்நீலமாகி, செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும். அதைத் தாக்கும் இ.எச்.வி. வைரஸ், ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களைத் தானே சுமந்து வருகிறது. பாசியின் கொழுப்புத் தயாரிப்பைத் தன் தேவைக்குத் திருப்பி, அதன் சாவையும் தூண்டிவிடுகிறது. பரந்து கிடந்த பாசிப்பரப்பு சில நாட்களில் சரிந்துவிடுகிறது.

பாக்டீரியாவைத் தின்னும் கஃபெட்டேரியா என்ற நுண்ணுயிரின் கதை வேறு. அதைத் தாக்கும் குரோவி என்ற ராட்சத வைரஸிடமும் ஒரு திருட்டு நடக்கிறது. மாவைரஸ் என்ற குட்டி வைரஸ், குரோவியின் கருவிகளை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொண்டு அதன் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. மாவைரஸின் மரபணுத்தொகுதி கஃபெட்டேரியாவின் மரபணுத்தொகுதிக்குள்ளேயே பதுங்கியிருப்பதும் உண்டு. குரோவி நுழைந்ததும் விழித்தெழும். நோயுற்ற செல் செத்தாலும் சுற்றியுள்ளவை பிழைக்கின்றன.

இப்போது வைரஸைப் பிடித்து வளர்க்க வேண்டிய கட்டாயமில்லை. கடல்நீரில் உள்ள மரபணுக்களை மொத்தமாக வாசித்தே புதிய இனங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். 2023-இல், தாரா என்ற ஆய்வுக் கப்பல் பல கடல்களில் திரட்டிய மாதிரிகளிலிருந்து மிருஸ்வைரஸ்கள் வெளிப்பட்டன. மிதவை உயிர்களைத் தாக்கும் இவற்றின் பல மரபணுக்கள் ராட்சத வைரஸ்களுடையதை ஒத்தவை. மேலோட்டைக் கட்டும் மரபணுக்களோ, நம் உதட்டில் கொப்புளம் எழுப்பும் ஹெர்ப்பிஸ் வைரஸுடையவற்றுக்கு உறவானவை.