கோபுரத்தில் இருந்து குதித்த தளபதி!

"உங்கள் தலைவனைக் கீழே தள்ளுங்கள். மற்றவர்களின் சரணை ஏற்றுக்கொள்கிறோம்."

இதுதான் எதிரிகள் போட்ட நிபந்தனை. தள்ளச் சொன்னது, மாதா கோவில் கோபுரத்தின் உச்சியில் இருந்து!

அந்தத் தலைவரின் பெயர், யான் வான் ஸ்காப்லார். நெதர்லாந்து நாட்டில் 500 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த குதிரைப்படைத் தளபதி.

மீன் கட்சி, தூண்டில் கட்சி

அந்தக் காலத்தில் அங்கே பிரபுக்களும் ஊர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். ஒரு கட்சியின் பெயர் "காட்". அது ஒரு கடல் மீன். மற்றொரு கட்சியின் பெயர் "தூண்டில்". நீ மீன் என்றால் நான் தூண்டில் என்பது போல!

சண்டை 1350-ம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. ஹாலந்து சீமையை ஆள்வது யார் என்று தாய்க்கும் மகனுக்கும் தகராறு. தாய் மார்கரெட் பக்கம், தூண்டில் கட்சி. மகன் வில்லியம் பக்கம், மீன் கட்சி. தாயும் போனார், மகனும் போனார். சண்டை மட்டும் போகவில்லை. சுமார் 140 ஆண்டுகள், விட்டு விட்டு வெட்டிக்கொண்டார்கள்.

உட்ரெக்ட் சீமையை ஆண்டவர், பிஷப் டேவிட். மதகுருவும் அவரே, ஆட்சியாளரும் அவரே. அவர் மீன் கட்சியின் பக்கம். உட்ரெக்ட் நகரத்திலோ தூண்டில் கட்சியின் கை ஓங்கி இருந்தது. 1481-ல் இரு தரப்புக்கும் போர் மூண்டது. ஸ்காப்லார், பிஷப்பின் படையில் இருந்தார்.

"குதிக்கிறேன்"

1482-ம் ஆண்டு, ஜூலை 16-ந் தேதி.

ஸ்காப்லாரும் சுமார் 20 வீரர்களும் பார்னவெல்ட் என்ற ஊரின் மாதா கோவில் கோபுரத்தில் இருந்தார்கள். ஆமர்ஸ்பூர்ட், நைகெர்க் ஆகிய ஊர்களில் இருந்து வந்த எதிரிகள், கோபுரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கீழே இருந்து சுட்டார்கள். மேலே சிலர் செத்து விழுந்தார்கள்.

கோபுரத்தில் ஏறிக்கொண்டவனுக்கு ஓட இடம் ஏது? சரண் அடைவதாகக் குரல் கொடுத்தார்கள். அப்போதுதான் எதிரிகள் அந்த நிபந்தனையைப் போட்டார்கள்.

வீரர்கள் மறுத்துவிட்டார்கள். தலைவர் மீது கை வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஸ்காப்லார் அவர்களைப் பார்த்தார். தான் என்றாவது ஒரு நாள் சாக வேண்டியவன்தான் என்றும், தன்னால் தோழர்களுக்குத் துன்பம் வரக்கூடாது என்றும் சொன்னார். கோபுரத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றார். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினார்.

குதித்தார்!

விழுந்தவர் உடனே சாகவில்லை. குற்றுயிராகக் கிடந்தார். கீழே நின்றவர்கள் மனம் இளகினார்களா? இல்லை. கிடந்தவரை அங்கேயே கொன்றார்கள். கேட்டது கிடைத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை!

யாருக்கு வெற்றி?

கடைசியில் வென்றது அவருடைய கட்சிதான். மறு ஆண்டே, 1483-ல், ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பெரும் படையுடன் வந்து உட்ரெக்ட் நகரைப் பிடித்தார். பிஷப் டேவிட் மீண்டும் பதவியில் அமர்ந்தார். 1496 வரை உயிரோடு இருந்தார்.

ஸ்காப்லாரின் கதை, பழைய ஏடு ஒன்றில் சில வரிகளாகக் கிடந்தது. 1838-ல் ஆல்ட்மன்ஸ் என்ற எழுத்தாளர் அதை வைத்து நாவல் எழுதினார். அதன் பிறகுதான் அவர் பெயர் நாடு முழுவதும் பரவியது.

பார்னவெல்ட், இன்று கோழிக்கும் முட்டைக்கும் பெயர் போன ஊர். அங்கே 1903-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தப் பழைய கோபுரத்தின் பக்கத்திலேயே சிலை நிற்கிறது.