ஆலைக்கு ஒரு சேலை, இருக்கன்குடிக்கு ஒரு சேலை

பட்டாசு ஆலைக்குள் நைலானும் பாலியெஸ்டரும் போகக் கூடாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஆலை வேலைக்குப் போகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விதி இது. வழவழவென்று உடம்போடு விழுகிற சேலை, துவைத்துப் போட்டால் சட்டென்று காய்கிற சுடிதார் எல்லாம் விசேஷ வீட்டுக்கு. வேலைக்குப் பருத்திதான்.

காரணம் ஈரத்தில் இருக்கிறது. பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் 7, 8 சதவீதம் வரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைத் தொடுவதே அரிது. ஈரமுள்ள துணியில் உராய்வினால் உண்டாகும் மின்சாரம் தங்காமல் இறங்கிவிடும்; பாலியெஸ்டரில் சேர்ந்துகொண்டே போய், எதையாவது தொடும்போது சுருக்கென்று தாவும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழும்போது நாம் உதறிவிட்டுப் போகிற அந்தச் சுருக், பட்டாசு மருந்துப் பொடிக்குப் போதுமான தீப்பொறி. கரிசல் காட்டின் வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும் பட்டாசு காய வாகாக இருந்ததும் இந்தத் தொழில் இங்கே வேர்விட ஒரு காரணம். துணியில் மின்சாரம் தங்குவதற்கும் அதே வறட்சிதான் துணை. மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வது இதற்காகத்தான். தீப்பிடித்தால் பருத்தியும் எரியும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பாலியெஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு துணியை எடுத்தால் தோலும் சேர்ந்து வரும்.

இன்னொரு கட்டுப்பாடு, பாக்கெட். 1875-ல் பிரிட்டன் கொண்டுவந்த வெடிபொருள் சட்டமே, ஆபத்தான கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களுக்குப் பாக்கெட் இல்லாத உடுப்பு வேண்டும் என்று எழுதிவைத்தது. உள்ளே ஒரே ஒரு தீக்குச்சி மறந்து கிடந்தால் போதும். தீப்பெட்டியும் பட்டாசும் அடுத்தடுத்த தெருவில் தயாராகிற ஊரில் அந்த எச்சரிக்கையின் அருமை புரியும்.

ஆலையில் உடுப்பை முடிவு செய்வது வேலை; மற்ற இடங்களிலும் கேள்வி அதுதான். ஓர் உடுப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போவீர்கள், அங்கே என்ன செய்வீர்கள்? எதை எப்படி உடுத்தலாம் என்று ஆலோசனை சொல்கிற நல்ல ஸ்டைலிஸ்ட் முதலில் கேட்பது இதைத்தான். சினிமாக்காரர்களுக்கென்று இருந்த ஸ்டைலிஸ்ட் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் கல்யாணப் பெண்ணுக்கும் ஆபீஸ் போகிறவருக்கும் கிடைக்கிறார். வீட்டுக்கு வந்தால், பீரோவில் இருப்பதையெல்லாம் கட்டிலில் போடச் சொல்வார். அடிக்கடி உடுத்துவது ஒரு பக்கம், எப்போதாவது உடுத்துவது ஒரு பக்கம், மடிப்புக் கலையாமல் கிடப்பது ஒரு பக்கம். அவர் உட்கார்ந்து பார்ப்பது முதல் குவியலைத்தான். திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டுகிற அந்த நாலைந்து சேலைகளில் கரை சின்னதா பெரியதா, துணி கனமா லேசா, ப்ளவுஸ் கை எதுவரை வருகிறது என்று பார்த்தால் அந்த மனுஷியின் விருப்பம் தெரிந்துவிடும். காசு கொடுத்து ஆள் கூப்பிட முடியாதவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தாங்களே செய்துகொள்ளக்கூடிய வேலை இது.

நிறத்தில்தான் எனக்குச் சண்டை. அமெரிக்காவின் கரோல் ஜாக்சன் 1980-ல் எழுதிய ‘கலர் மீ பியூட்டிஃபுல்’, மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரித்து ஆளுக்கொரு வண்ண வரிசை கொடுத்தது. இன்றைக்கும் பலர் அதன் வழியில்தான் நிறம் சொல்கிறார்கள். ஆசியர்களையும் கறுப்பினத்தவரையும் அது பெரும்பாலும் ‘குளிர்காலம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டது. நம் பக்கத்திலோ ஒரே வீட்டில் அக்கா ஒரு நிறம், தங்கச்சி ஒரு நிறம். உள்ளூர் ஜவுளிக்கடையில் நடப்பது இதைவிட மோசம். “உங்க கலருக்கு இது எடுக்காதுங்க” என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனை பெண்கள் மாம்பழ மஞ்சளையும் கிளிப்பச்சையையும் ஆயுசுக்கும் தொடாமல் விட்டிருக்கிறார்கள்! கருப்பான உடம்பில் அந்த இரண்டு நிறமும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி வெள்ளியில் போனால் பார்க்கலாம். கடை டியூப்லைட்டை நம்பாமல், வாசல் வெளிச்சத்துக்கு வந்து, துணியைக் கழுத்தடியில் வைத்துப் பாருங்கள். முகம் பளிச்சென்று தெரிந்தால் அது உங்கள் நிறம். துணி மட்டும் தெரிந்தால் மடித்துக் கொடுத்துவிடலாம்.

இந்த மண்ணில் தன் பாணியைத் தானே கண்டுகொண்டவர் என்றால் காமராஜர்தான். 1903-ல் விருதுநகரில் பிறந்தவர். வெள்ளைக் கதர் வேட்டி, முழங்கை வரை வரும் தொளதொளப்பான கதர்ச் சட்டை, தோளில் துண்டு. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோதும் அதுதான், டெல்லி அரசியலில் கோலோச்சியபோதும் அதுதான், 1966-ல் சோவியத் நாட்டுக்குப் போனபோதும் வேட்டி சட்டைதான். கதர் காங்கிரஸ் கொடுத்தது. அந்தச் சட்டையின் அகலம் மட்டும் காமராஜரின் உயரத்துக்கும் தோளுக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் பொருந்தி, அவருடையதாகவே ஆகிவிட்டது. தூரத்தில் நிழலாகத் தெரிந்தாலும் யார் என்று சொல்லிவிடலாம்.

காமராஜர் தானே கண்டுகொண்டார்; ஆலைப் பெண்ணுக்கு ஸ்டைலிஸ்ட் போல ஒரு துணை யார்? தெருமுனைத் தையல்காரர்தான். “மதினி, கையை இறக்கித் தொங்கவிடுங்க, மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க” என்று சொல்லி டேப்பைச் சுற்றுவார். நாள் முழுக்கக் குனிந்து திரி சொருகுகிறவர் என்று தெரிந்தால் முதுகில் ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்டுவார்; கை தூக்கினால் அக்குளில் பிடிக்காமல் இருக்க ஆர்ம்ஹோலைத் தளர்த்துவார். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் கத்தரி போடுவார், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கி மேல்துணியைப் பிடித்து இழுக்கும். உள்தையலில் துணி விட்டுவைப்பார், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். பழைய அளவு ப்ளவுஸைக் கொடுத்துவிட்டு ஓடாமல், “போன தடவை கழுத்து இறங்கிருச்சுக்கா, குனியக் கூச்சமா இருக்கு” என்று நின்று சொல்லுங்கள். ஸ்டைலிஸ்ட் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு கேட்டறிவதும் இதே செய்தியைத்தான்.

துணிக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில் நூல் நூற்கிறது. அருப்புக்கோட்டைத் தறிகளில் பருத்திச் சேலை நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகள் தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற பெண்ணை ஏளனமாகப் பார்க்கிறவர்கள், காற்றோட்டமான, உடம்பை இறுக்காத அந்த உடுப்பை அவள் ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று யோசித்ததே இல்லை.

என் ஆசையெல்லாம் ஆலை உடுப்பின் மேல் இருக்கிறது. இன்றைக்குப் பல பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். அது பருத்தியா கலப்பா என்று அவர்களுக்கே தெரியாது. பாக்கெட்டும் அப்படியே இருக்கும். முதலாளிகள் வருஷத்துக்கு இரண்டு செட் சுத்தப் பருத்தி உடுப்பு தைத்துக் கொடுக்கட்டும். ஒரே அளவில் மொத்தமாக வாங்காமல், உள்ளூர்த் தையல்காரரை ஆலைக்கே வரவழைத்து ஆளுக்கு ஆள் அளவெடுக்கட்டும். கை முழங்கை வரையா மணிக்கட்டு வரையா, கழுத்து எவ்வளவு, நிறம் நீலமா அரக்கா என்பதைப் போடப்போகிற பெண்களே சொல்லட்டும். பட்டாசு மருந்தில் சேர்கிற அலுமினியப் பவுடர் எந்த நிறத்தில் எப்படி ஒட்டுகிறது, எதைத் துவைத்தால் போகிறது என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.