பிறபொருளெதிரி ஏற்பி

பிறபொருளெதிரி ஏற்பி அல்லது எஃப்சி ஏற்பி என்பது நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மேற்பரப்பில் அமைந்து, பிறபொருளெதிரியின் காம்புப் பகுதியைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஆகும். பிறபொருளெதிரி கவைக்கோல் போன்ற வடிவுடையது. அதன் இரு கிளைகளும் கிருமியையோ வேறு பிறபொருளையோ இனங்காண, காம்பு ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பி பிறபொருளை நேரடியாக அறிவதில்லை. எதிரி எது என்பதைப் பிறபொருளெதிரியே தீர்மானிப்பதால், தீங்கற்ற உணவும் சிலருக்கு உயிராபத்தாக முடிகிறது.

செயற்பாடு

ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரி போர்த்திய பாக்டீரியாக்களைப் பெருவிழுங்கிகள் தம் ஏற்பிகளால் பற்றி விழுங்குகின்றன. பி உயிரணுக்களில் உள்ள ஒருவகை ஏற்பி இதற்கு மாறாக, எதிர்வினையை அடக்குகிறது.

ஐஜிஈ வகைக்குரிய ஏற்பி மாஸ்ட் உயிரணுக்களில் மிகுதி. இரத்தத்தில் ஏறக்குறைய 2 நாட்களில் அரைப்பங்காகக் குறையும் ஐஜிஈ, இவ்வேற்பியில் பொருந்திய பின் வாரக்கணக்கில் நிலைக்கிறது. ஒட்டுண்ணிப் புழுக்களை எதிர்க்க உதவும் இவ்வேற்பாடே ஒவ்வாமைக்கும் காரணம்.

இறால் ஒவ்வாமை

இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் மீனவக் கிராமங்கள், முறைவைத்து வலைவிடும் 'பாடு' வழக்கத்தில் பிடிக்கும் முதன்மையான இனங்களுள் வெள்ளை இறாலும் ஒன்று. பெனேயசு இண்டிகசு எனப்பட்ட இதே இறாலை ஆராய்ந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. வி. சுப்பாராவ் குழுவினர், அமெரிக்க ஆய்வாளருடன் இணைந்து, அதன் முதன்மை ஒவ்வாமைப் பொருள் துரோப்போமயோசின் என்னும் தசைப்புரதம் என 1993-இல் வெளியிட்டனர். இப்புரதம் வெப்பத்தைத் தாங்கும். குழம்பில் கொதித்தாலும் ஒவ்வாமைத் தன்மையை இழப்பதில்லை.

ஒவ்வாமை உடையவர் இறாலை உண்டதும், ஒரே புரதத்துண்டு அடுத்தடுத்த ஐஜிஈக்களைப் பிணைக்கிறது. அவற்றைத் தாங்கிய ஏற்பிகள் ஒன்றுகூட, மாஸ்ட் உயிரணு சில நிமிடங்களில் ஹிஸ்டமைனைக் கொட்டுகிறது. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் தோன்றலாம். கடுமையானால் இரத்த அழுத்தம் வீழும். இறால் வேகும் ஆவியை முகர்வதே சிலருக்குப் போதுமானது.

நண்டின் துரோப்போமயோசினும் இதனை ஒத்தது. ஆதலால் இறால் ஒவ்வாதவருக்கு நண்டும் ஒவ்வாமற்போகலாம். மடவை போன்ற மீன்களில் ஒவ்வாமை தருவது பெரும்பாலும் பார்வால்புமின் என்னும் வேறொரு புரதம் என்பதால், இறாலுடன் மீனையும் எல்லோரும் விலக்க வேண்டியதில்லை. இதனை மருத்துவச் சோதனையாலேயே முடிவு செய்தல் வேண்டும்.

மருத்துவம்

ஓமலிசுமாப் என்னும் மருந்து ஐஜிஈயின் காம்பைப் பற்றி, அது ஏற்பியில் பொருந்தாமல் தடுக்கிறது. ஆத்துமாவுக்காக 2003-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட இது, 2024-இல் உணவு ஒவ்வாமைக்கும் ஏற்கப்பட்டது. எனினும் ஏற்கனவே தொடங்கிவிட்ட கடும் ஒவ்வாமையை இது நிறுத்தாது. அதற்குத் தொடைத்தசையில் உடனே செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து.