ஐஸ் ஹவுஸும் ஏசியின் ‘டன்’னும்

திருவல்லிக்கேணி கடற்கரையோரம் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் வைக்கவே கட்டப்பட்டது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகள் மாதக்கணக்கில் கப்பலில் வந்து இங்கே இறங்கின. ஏசி கடையில் நாம் கேட்கும் ‘டன்’ அந்தக் காலத்தின் சொல்தான். சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம் எவ்வளவோ, அதுவே ஒரு டன். ஏசியின் எடை அல்ல!

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மேற்கு வெயில் அடிக்கும் அறை என்றால் கூடுதல் டன் தேவைப்படலாம். கடையில் இதை முதலில் சொல்லுங்கள்.

ஏசியின் லேபிளில் உள்ள நட்சத்திரங்களை எண்ணுவதோடு நிற்காதீர்கள். அதே லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் இருக்கும். அது கூடக்கூடக் கரண்ட் பில் குறையும். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அதில் போட்டிருப்பது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. தினமும் இரவு முழுக்க ஓட்டும் வீட்டில் பயன்பாடு அதைத் தாண்டிவிடும். அங்கே ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்போகாது. லேபிளின் காலவரம்பையும் பாருங்கள். தரஅளவு அவ்வப்போது உயர்வதால், பழைய ஐந்து நட்சத்திரம் இன்று நான்காகியிருக்கலாம்.

மெரினாவின் உப்புக்காற்று வெளி யூனிட்டை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள காப்பர் காயிலாகக் கேட்டு வாங்குங்கள். ஏசி வீட்டுக்கு வந்ததும் அதை 24 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியையும் ஓடவிடுங்கள்.