போல்ட் ஏறிடுச்சு, ஆனா பொருந்தலையே!

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் போய் வருகிறோம். அந்த ரோட்டு ஓரத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்பது நம்ம செட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபோர்டு, ஹூண்டாய் எல்லாம் சென்னைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடியே, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனியின் தொழிற்சாலை இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1972-இல் கெசல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. 1988-இல் கார் உற்பத்தி நின்றுபோனது.

ஹெரால்டு ஒரு குடும்பக் கார்தான். ஆனால் அதற்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி உண்டு. ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, 1962-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உடலை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. இரண்டுக்கும் இன்ஜின் ஒரே குடும்பம். பழைய கார் பைத்தியம் பிடித்த யாருக்கும் "ஸ்பிட்ஃபயர் பார்ட்ஸைப் போட்டு ஹெரால்டைப் பறக்க விடலாமே" என்று ஆசை வருவது இதனால்தான். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்குது.

ஒரே குடும்பம், வேற வேற அளவு

நம்ம ஊர் ஹெரால்டில் இருந்தது 948 சிசி: போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. முதல் ஸ்பிட்ஃபயரில் 1147 சிசி: போர் 69.3 மி.மீ. 1967-இல் வந்த மார்க் 3-இல் 1296 சிசி: போர் 73.7 மி.மீ. மூன்றுக்கும் ஸ்ட்ரோக் அதே 76 மி.மீ. வெளியே இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஆனால் மார்க் 3-இன் ஹெட்டில் எட்டு போர்ட், அதற்கு முந்தைய ஹெட்டில் ஆறு. மேனிஃபோல்டு மாறிப் போனால் உடனே கண்ணில் படும். அந்த மாதிரி தப்பு நல்ல தப்பு. மாட்டவே மாட்டாது, தப்பித்தோம். மாட்டிக்கொண்டு ஓடவும் செய்கிற தப்புதான் ஆபத்து.

கணக்கு 1: கம்ப்ரெஷன்

1147 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு சுமார் 287 சிசி. கம்ப்ரெஷன் ரேஷியோ 9 என்றால், பிஸ்டன் மேலே வந்தபிறகு மிச்சம் இருக்கிற இடம் 287-ஐ 8-ஆல் வகுத்தால் வருவது, கிட்டத்தட்ட 36 சிசி. இப்போது சிலிண்டரை மட்டும் 1296 ஆக்கி, மேலே அதே 36 சிசி இடத்தை விடுங்கள். ஒரு சிலிண்டருக்கு 324 சிசி. 324 + 36 = 360; அதை 36-ஆல் வகுத்தால் 10.

9 எங்கே, 10 எங்கே என்று தோணும். ஆனால் பங்கில் நாம் போடுவது சாதாரண பெட்ரோல். சித்திரை வெயிலில், குரோம்பேட்டை சிக்னலில் நின்று கிளம்பும்போது "கிணுகிணு" என்று சத்தம் வரும். அதுதான் நாக்கிங். அதைக் கண்டுக்காம ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கணக்கு 2: பேரிங் ஷெல்

தேய்ந்த கிராங்க் ஜர்னலை லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற தடிமனான ஷெல் போடுவது வழக்கம். பத்து தவ், இருபது தவ் என்று சொல்வார்கள். ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜர்னல் இருபது தவ் கிரைண்ட் ஆகியிருக்க, கையில் கிடைத்த பத்து தவ் ஷெல்லைப் போட்டால்? இன்ஜின் சுற்றும். சொல்லப்போனால் ரொம்ப லேசாகவே சுற்றும். 0.05 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 0.3 மி.மீ. ஆகியிருக்கும், அதாவது ஆறு மடங்கு.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்தது ஞாபகம் இருக்கா? குறுகிய இடைவெளியில் ஒழுகும் எண்ணெய், இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப கூடும். ஏட்டுக் கணக்கில் 216 மடங்கு. ஆயில் பிரஷர் விழும், அடுத்து "டொக் டொக்". இன்னொரு சிக்கல்: 1970-இல் வந்த மார்க் 4-இலும் அதே 1296 சிசிதான், ஆனால் பிக் எண்ட் பேரிங் பெரிசு. "1296 கிராங்க் வேணும்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் எது வரும் என்பது நம்ம அதிர்ஷ்டம்.

கணக்கு 3: பிஸ்டன் எடை

மூணு பிஸ்டன் ஒரு செட், நாலாவது புதுப்பேட்டையில் தேடி எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். போர் அளவு சரி, எடை மட்டும் 20 கிராம் அதிகம். 5000 ஆர்பிஎம்மில் கோண வேகம் விநாடிக்கு 524 ரேடியன், கிராங்க் ஆரம் 0.038 மீட்டர். எம் ஆர் ஒமேகா ஸ்கொயர் போட்டால் சுமார் 208 நியூட்டன் வரும். ஒவ்வொரு சுற்றிலும் 21 கிலோ கல்லைத் தூக்கி அடிக்கிற மாதிரி. ஸ்டீயரிங் நடுங்கும். மெக்கானிக் இன்ஜின் மவுண்ட்டை மாற்றச் சொல்வார். மாற்றினாலும் நடுக்கம் போகாது.

போல்ட்டையும் விட முடியாது. 5/16 இன்ச் போல்ட் 7.94 மி.மீ.; பக்கத்துக் கடையில் கிடைப்பது 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒண்ணு. ஆனால் பழைய பிரிட்டிஷ் யுஎன்எஃப் மரையின் பிட்ச் 1.06 மி.மீ., மெட்ரிக் போல்ட்டின் பிட்ச் 1.25 மி.மீ. இரண்டு சுற்று போகும், மூணாவதில் இறுகும். "டைட்டா இருக்கு, நல்லது" என்று ஸ்பேனரைப் போட்டால் மரை போச்சு.

கம்பெனியே செய்த ஜோடி

பொருந்தாத ஜோடியைத் தனி ஆள் மட்டும் போடுவதில்லை. ஸ்டாண்டர்டு 2000-இன் உடல், 1976-இல் இங்கிலாந்தில் வந்த ரோவர் எஸ்டி1. அங்கே அதற்குள் இருந்தது 3.5 லிட்டர் வி8, 155 குதிரைத்திறன். இங்கே அதற்குள் வைத்தது ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் 1940-களின் டிசைனில் வந்த 1991 சிசி இன்ஜின்; திறன் அதில் பாதி அளவுதான். இதே குடும்ப இன்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும், ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. இன்ஜின் மோசம் இல்லை. லேசான டிஆர்2-இல் ஜம்மென்று ஓடிய அதே 1991 சிசி, அந்தப் பெரிய உடலை இழுக்கத் திணறியது. விலையோ அன்றைக்கே இரண்டு லட்சத்துக்கு மேல். மூணு வருஷத்தில் கதை முடிந்தது.

அந்த இன்ஜினில் வெட் லைனர் இருக்கும். அதாவது சிலிண்டர் தனிக் குழாய், சுற்றிலும் நேராகத் தண்ணீர். லைனர் பிளாக்கின் மேல்பரப்பைவிட மூணு முதல் ஐந்து தவ் உயர்ந்து நிற்க வேண்டும். வேற செட் லைனரும் தடிமன் மாறிய கேஸ்கெட்டும் சேர்ந்தால் உயரம் தவறும். அப்புறம் ஹெட் கேஸ்கெட் போகும், இல்லையென்றால் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கி ஆயில் பால் டீ நிறத்துக்கு வரும்.

அப்போ என்ன செய்யலாம்?

காலேஜ் கிளப்பில் யாராவது பழைய ஹெரால்டு எடுத்தால், முதலில் பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷெல்லின் முதுகில் அளவு எழுதியிருக்கும், படியுங்கள். ஜர்னலை மைக்ரோமீட்டரில் நீங்களே அளந்து பாருங்கள். ஹெட்டைக் கவிழ்த்து பியூரெட்டில் எண்ணெய் ஊற்றி சிசி எடுங்கள். பிஸ்டன்களை நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, பிளக் போடாமல் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது பிடித்தால் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.

ஒரு மத்தியான வேலைதான் இது. பிளாக் உடைந்தால் புதுசு கேட்டு வாங்க வண்டலூரில் இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை.