இரண்டு கமிட்டிகள்

அஸ்தினாபுரத்திலிருந்து அப்பா போகும் கம்பெனியில் இரண்டு கமிட்டிகள் உண்டு. ஒன்று சங்கக் கமிட்டி. உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது, சம்பளம், போனஸ் பேசும். மற்றது ஒர்க்ஸ் கமிட்டி. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், அரசு உத்தரவிட்டால் இதை அமைத்தாக வேண்டும் என்றது 1947 தொழில் தகராறுகள் சட்டம். 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பை விடக் குறையக்கூடாது. கையுறை, குடிதண்ணீர், கேன்டீன் பற்றி இரு தரப்பும் உட்கார்ந்து பேசலாம். ஆனால் உத்தரவு போட முடியாது.

ஆகவே பேசியதை எழுதி வைப்பதுதான் அதன் பலம். அப்பாவின் விரலில் தையல் போட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மெஷினுக்கு மூடி வேண்டும் என்று மூணு மாசம் முன்பே கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். மினிட்ஸ் நோட்டில் ஒரு வரி இல்லை. "எழுத ஆளில்லப்பா" என்றார். நாளை வேலைக்குப் போகும் நாம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி எழுதுவோம்!