தேய்ந்த பெயரிங்கும் தலவில மணலும்

தலவில என்றதும் புனித அன்னம்மாள் திருத்தலமும், மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் அங்கே திரளும் யாத்திரிகர் கூட்டமும் நம் நினைவில் எழுவது இயல்பே. இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டதோ அக்கரைக்குரிய வேறொரு விஷயம். கழனிக்கென்று செய்யப்பட்டு, கடலோரத்தில் வலையிழுக்க வந்த பழைய உழவு இயந்திரங்களைப் பற்றும் நோயும் அதற்குரிய வைத்தியமுமே அது.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் வாடைக்காற்றுக் காலமே கரைவலைப் பருவம். முன்பு பலர் தோள்கொடுத்து இழுத்த கயிற்றை இன்று பல இடங்களில் உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டிய உருளை சுற்றி இழுக்கிறது. அது தகுமா, தகாதா என்ற வழக்கு மீனவரிடையே உண்டு. அதனுள் நாம் புகவில்லை. இயந்திரம் நின்றுவிட்டால் சம்மாட்டிக்கு மட்டுமன்று, பங்குக்கு உழைக்கும் அத்தனை வீடுகளுக்கும் அன்றைய வரும்படி இல்லை என்பதே நமது கவலை. அவ்வாறு நிறுத்துவது பல வேளைகளில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு வளையம்.

பாடநூல்கள் போதிகை என்பதைக் கராஜுகளில் பெயரிங் என்பர். ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், நடுவே போளைகளைப்போல் உருளும் எஃகுக் குண்டுகள். வேல்ஸ் நாட்டுப் பிலிப் வோன் என்பவர் 1794 ஆம் ஆண்டிலேயே வண்டி அச்சுக்கு இத்தகைய குண்டுகளை அமைத்து உரிமைப் பத்திரம் பெற்றார். 1964 இல் வெளிவந்த மஸி பேர்கசன் 135 போன்ற இயந்திரங்களில் தண்ணீர்ப் பம்பு, டைனமோ, கிளச்சு என எங்கும் இவையே சுழற்சியைத் தாங்குகின்றன.

கடற்கரை இவற்றுக்குப் பகை. உப்புநீர் புகுந்தால் கிறீஸ் மோர்போல் வெளுத்துத் திரிகிறது. எஃகில் துருப்புள்ளிகள் விழுகின்றன. மணலோ பெயரிங் எஃகையும் கீறவல்லது. தண்ணீர்ப் பம்பின் பெயரிங் தளர்ந்தால் காற்றாடி ஆடும். சீல் கெட்டு நீர் கசியும். கவனியாது ஓட்டினால் எஞ்சின் கொதித்து அதன் தலைப்பாகமே வெடிக்கக்கூடும். சில்லறைச் செலவு பெருஞ்செலவாகும் வழி இதுவே.

கழற்றும்போது பலரும் முதலில் தேடுவது சம்மட்டியை. (சம்மாட்டி வேறு, சம்மட்டி வேறு, கரைவலைக்கு முன்னவர் போதும்!) தண்டில் இறுகிய பெயரிங்கை மூன்று கால் புல்லரால், உள்வளையத்தைப் பற்றி இழுப்பதே முறை. கிளச்சுத் தண்டின் நுனியைத் தாங்கிப் பறக்குஞ்சில்லின் நடுக்குழியில் கிடக்கும் சிறு பெயரிங்குக்குப் பின்புறம் வழியில்லை; புல்லரும் நுழையாது. அங்கே பழைய மெக்கானிக்குகள் கையாளும் உபாயம் மிக அழகியது. குழி நிறையக் கிறீஸை அடைத்து, துவாரத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் உருக்குத் துண்டொன்றை வைத்து மெல்லத் தட்டுவார்கள். ஒதுங்க இடமில்லாத கிறீஸ் பின்னாலிருந்து தள்ள, பெயரிங் தானே வெளியே வரும். குண்டுகளிடையே கிறீஸ் கசிந்தால் நனைத்த காகிதத்தைத் திணித்துத் தட்டுவதும் உண்டு. பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்த பிள்ளைகளை அழைத்துக் காட்டவேண்டிய காட்சி இது.

கழற்றியதை உடனே எறிந்துவிடாதீர்கள். நீலமோ தவிட்டு நிறமோ படிந்திருந்தால் கிறீஸின்றிச் சூடேறியது. செந்துருவாயின் சீல் நீரை விட்டது. ஓடுபாதையில் குண்டுகளின் இடைவெளிக்கேற்பப் பள்ளங்கள் இருந்தால் முன்பு பூட்டியவர் அடித்துப் பூட்டினார். காரணத்தை அறியாமல் புதியதை இட்டால் அதற்கும் அதே கதியே.

வளையத்தில் பொறித்த இலக்கமும் வேண்டும். 6205 எனில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க, உள்விட்டம் 25 மில்லிமீற்றர். வெளிவிட்டம் 52, அகலம் 15. உள்விட்டம் ஒன்றே என்று 6305 ஐ வாங்கினால் அதன் வெளிவிட்டம் 62, கூட்டில் நுழையாது.

பூட்டும்போது தண்டில் இறுகுவதாயின் உள்வளையத்திலும், கூட்டில் இறுகுவதாயின் வெளிவளையத்திலும் மட்டுமே அழுத்தவேண்டும். தவறினால் விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, புதிய பெயரிங் ஓடுமுன்பே கெடும். திறந்த பெயரிங்கைச் சுத்தமான எண்ணெயில் 100 பாகை அளவுக்குச் சூடாக்கினால் விரிந்து தண்டில் எளிதாக அமரும். தீயில் காட்டலாகாது, இருபுறமும் மூடியதை எண்ணெயில் இடவும் ஆகாது. இல்லத்தரசிகள் இதற்குச் சமையற்சட்டியை இரவல் கொடுக்காதிருப்பார்களாக!

கிராங்குத் தண்டின் பிறைவடிவத் தகட்டுப் பெயரிங்குகள் வேறு இனம். தண்டை அளந்து, தேய்ந்திருப்பின் கடைந்து, அதற்கேற்ற அளவில் வாங்கவேண்டிய அவற்றைப் பட்டறைக்காரரிடமே விடுவது நன்று.

பெயரிங்கோடு புதிய சீலையும் மாற்றுங்கள். இவ்வேலைக்கு ஏற்ற காலம் கடல் கொந்தளித்து வலை ஓயும் சோளக மாதங்கள். பூட்டி ஒரு மணி நேரம் ஓடியபின் இயந்திரத்தை நிறுத்தி, ஆட்டமும் கசிவும் உண்டா என்று பாருங்கள். இலக்கத்தையும் மாற்றிய திகதியையும் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் குறித்துவைத்தால், அடுத்த முறை புத்தளத்துக்குப் பேருந்து ஏறும்போது எதை வாங்குவதென்று கடைக்காரரிடம் திகைத்து நிற்க வேண்டியிராது.